பஞ்சு மாட்டிய நாட்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.06.2024

அன்புத் தம்பி சிவபாண்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலமாக இருக்கிறோம். உன் மச்சானுக்கு மூட்டுவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீயும் செல்வியும் எப்படி இருக்கிறீர்கள்? செல்விக்குத் தலைசுற்றல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை நீ வைத்துவிட்டுப் போன, உன் சிநேகிதன் ராம்குமார் கடையின் விலைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்பீக்கர் ஒயர் தரையில் படாமல் தூக்கி வைக்க மரக்கட்டை. ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தால் பாட்டு தெளியும் என்று ஒரு கருங்கல். சுவரில் ஒட்டினால் அறை அமைதியாகும் என்று ஒரு ஸ்டிக்கர். படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது. கல்லின் படத்தைப் பார்த்து நீயும்தான் சிரித்தாய். "இதை வாங்குறவன் தலைமேல வச்சாக்கூட ஒண்ணும் தெளியாதுக்கா" என்றாய். ஆனால் உன் ஒயர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது என்கிறாய்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் நெய்கிற தறியில், வெளுக்காத நூலைக் குழாய் மாதிரி நெய்யச் சொல்லி, அதற்குள் செம்புக் கம்பியை விட்டிருக்கிறாய். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைவிட இதில் பாட்டு நன்றாக வருகிறது என்கிறாய். பௌதிகம் படித்தவர் ஒருவர் சோதித்ததாகக் கையெழுத்து இருந்தால், ராம்குமார் சென்னையில் அதைத் தன் கடையில் வைப்பான். இல்லையென்றால் நீ செல்வியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில்லுக்குப் போக வேண்டும். நான் புரிந்துகொண்டது சரிதானே?

கம்பியைச் சுற்றிப் பஞ்சு இருந்தால் என்ன, பிளாஸ்டிக் இருந்தால் என்ன, மூன்று மீட்டரில் பாட்டு மாற வழியில்லை என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் ஊர் மில் மூடும்வரை பதினெட்டு வருஷம் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து, "இது இன்னும் நாலு நாள்" என்று சொன்னவன் நீ. நாலாம் நாள் அது நின்றும் இருக்கிறது. அதனால் என்னால் கையெழுத்துப் போடவும் முடியவில்லை, போடமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

ஒன்று செய்வோம். இருபது நாள் சோதனை. தினமும் சாயங்காலம் செல்வி இரண்டு ஒயரில் ஒன்றை மாட்டுவாள். எது என்று உனக்குத் தெரியாது. நடுவில் ஒரு திரை கட்டி, அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரே பாட்டைக் கேட்டு, பஞ்சா பிளாஸ்டிக்கா என்று எழுது. அது முடியும்வரை போன் பேச வேண்டாம், நேரிலும் வர வேண்டாம். என் குரலில் இருந்தே நீ விடையை எடுத்துவிடுவாய் என்று எனக்குப் பயம். எதுவானாலும் கடிதத்தில் எழுது. பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தபால் மூன்று நாள் எடுக்கும். நமக்கும் அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
யுவராணி

*

ராஜபாளையம்
17.06.2024

அக்காவுக்கு சிவபாண்டி எழுதுவது. மச்சானைக் கேட்டதாகச் சொல்லு. செல்விக்குத் தலைசுற்றல் தேவலை.

உன் கடிதத்தை செல்விக்கும் வாசிச்சுக் காட்டினேன். "மதினி ஒங்களுக்குப் பரீட்சை வச்சிட்டாவ"ன்னு சிரிச்சா. சரி, எழுதுறேன். நான் எந்தப் பரீட்சைல பாஸானேன், இதுல ஆக.

ஒண்ணு கேக்கணும். கிருஷ்ணன்கோவில் காலேஜ் லேப்ல தினம் அம்புட்டு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போடுறே. பையன்கள் ரீடிங் எடுக்காமலே விடையிலிருந்து பின்னால போய் ரீடிங் எழுதிக் கொண்டாறான்னு நீதான் சொன்னே. தெரிஞ்சேதான் போடுறே. தம்பிக்கு ஒரு கையெழுத்துன்னா இருபது நாள் சோதனை. இருக்கட்டும். கோவத்துல கேக்கல.

எனக்கும் ஒரு உறுதி வேணும். சரியா வந்தா, மறுபேச்சு பேசாம நீ போடணும். "இருந்தாலும்"னு ஒரு வார்த்தையை நடுவுல கொண்டு வரக்கூடாது. சின்ன வயசுலருந்து உன் வாய்ல அதைக் கேட்டுச் சலிச்சிட்டேன்.

பஞ்சு ஒயர்ல பாட்டு எப்படி இருக்கும்னா, வாசிக்கிறவர் மூச்சு வாங்குறதுக்கு ஒரு இடம் விட்ட மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்ல அந்த இடம் அடைஞ்சிருக்கும். இதைவிட எனக்குச் சொல்லத் தெரியல.

சிவபாண்டி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.06.2024

அன்புள்ள செல்விக்கு,

மதினி எழுதுகிறேன். உன் உடம்பு தேவலை என்று தெரிந்தது, நிம்மதி. வெயிலில் அலையாதே.

இந்த உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. ஜூலை இரண்டாம் தேதியிலிருந்து இருபத்தொன்றாம் தேதி வரை, ஒவ்வொரு நாளும் எந்த ஒயர் என்று எழுதியிருக்கிறேன். காசு சுண்டிப் போட்டு எழுதியது, அதில் என் இஷ்டம் எதுவும் இல்லை. தம்பி இதைப் பார்க்கவே கூடாது. தினமும், முந்தின நாள் ஒயரே என்றாலும், கழற்றித் திரும்ப மாட்டு. கழற்றும் சத்தத்தை வைத்து அவன் கண்டுபிடித்துவிடக் கூடாது. மாட்டும்போது அவன் வாசலில் இருக்கட்டும். மாட்டியபின் பேசாமல் கையைத் தட்டிக் கூப்பிடு. உன் முகத்தை அவன் பார்க்க வேண்டாம், நீ திரைக்குப் பின்னாலேயே இரு.

உன்னைத் தொந்தரவு செய்கிறேன். அவன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசையோ, எனக்கும் அவ்வளவுதான். அதனால்தான் இதைச் சரியாகச் செய்யப் பார்க்கிறேன்.

உன் மதினி
யுவராணி

*

ராஜபாளையம்
22.07.2024

அக்காவுக்கு,

சுகம்தான். நேத்தோட இருபது நாளும் முடிஞ்சது. நான் எழுதின தாளை இதோட வச்சிருக்கேன். ஒரு நாளைக்கூட அடிச்சுத் திருத்தல, பாத்துக்க.

முதல் ரெண்டு நாள் கொஞ்சம் தடுமாற்றம். மூணாம் நாளுக்குப் பொறவு உட்கார்ந்த செத்த நேரத்துல தெரிஞ்சுபோச்சு. எதுன்னு சந்தேகப்பட்ட நாள் ரெண்டோ மூணோதான். எனக்கே ஆச்சரியம். மில்லுல நல்லா இருந்த காலத்துலகூட இவ்வளவு துப்புரவா எனக்குக் கேட்டதில்லை.

ராம்குமார் நேத்து போன் பண்ணினான். அக்கா பேரைப் புத்தகத்துல எப்படிப் போடன்னு கேக்கான். யுவராணி, பி.எஸ்சி.ன்னு சொல்லி வச்சிருக்கேன். உன் கடிதம் வந்ததும் சத்திரப்பட்டிக்குப் போய் தறிக்குச் சொல்லணும். செல்வி இப்பவே உறை மேல ஒட்டத் தாள் வெட்டிக்கிட்டிருக்கா.

மச்சானுக்கு அந்தத் தைலம் கிடைச்சா கொடுத்து விடுறேன்.

சிவபாண்டி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.07.2024

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே தேருக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. காலேஜ் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது, வீடு சேர ஏழு ஆகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை பார்த்தேன். இருபதில் பதினொன்று சரி. நீ பாட்டே கேட்காமல் காசைச் சுண்டிப் போட்டு எழுதியிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

உனக்குக் கேட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் என்று எதிர்பார்த்தால் நமக்குக் கேட்கும். எனக்கும் அப்படித்தான், எல்லோருக்கும் அப்படித்தான். காசைக் கொட்டி அந்தக் கல்லை வாங்குகிறவர்களும் பொய் சொல்வதில்லை. அவர்களுக்குக் கேட்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

காலேஜில் போடுகிறேனே என்று கேட்டாய். அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். போடுவது உண்மைதான். போட்டுப் போட்டு என் பேர் எனக்கே கிறுக்கலாகத் தெரிகிறது. அதனாலேயே இந்த ஒன்றையாவது ஒழுங்காகப் போட வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

செல்வியிடம் பதமாகச் சொல். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

*

ராஜபாளையம்
08.08.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேத்து தேர் நல்லபடியா ஓடினதா டிவில பாத்தோம்.

ராம்குமாருக்குச் சொல்லிட்டேன். கோயம்புத்தூர்ல மெயின்டனன்ஸ்ல ஆள் வேணும்னு சொன்ன இடத்துக்குத் தீபாவளி கழிச்சு வாரேன்னு சொல்லியிருக்கேன். அங்க மில்லுக்குள்ளயே தங்கணும். செல்வி இங்க இருந்துக்குவா.

பதினொண்ணுன்னா பதினொண்ணு. கணக்கோட நான் சண்டை போட முடியாது. ஒண்ணு மட்டும் மனசுல வச்சிருந்தேன், சொல்லிடுறேன். அப்பா நெஞ்சுக்குள்ள கிரீஸ் வத்தின பேரிங் மாதிரி கேக்குதுன்னு நான் சொன்னப்ப, நீ அப்பத்தான் காலேஜ் முடிச்சிருந்தே. "வாய்வா இருக்கும், பேரிங்கையும் நெஞ்சையும் ஒண்ணாப் பேசாதலே"ன்னு சொன்னே. பத்து நாள்தான் இருந்தாரு. அப்ப யாரும் தாளை வச்சு எண்ணிப் பாக்கல.

இனிமே எழுத ஒண்ணும் இல்ல. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

சிவபாண்டி

*

ராஜபாளையம்
26.08.2024

அன்புள்ள மதினிக்கு,

செல்வி எழுதுறது. எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. அண்ணன் நல்லா இருக்காங்களா. நீங்க காலேஜுக்குப் போய் வந்து ரொம்ப அலுத்திருப்பீங்க, இதை எழுதி இன்னும் அலுப்பாக்கப் போறேன்.

ஒங்க முடிவு வந்ததிலிருந்து ராத்திரி எனக்கு உறக்கம் இல்ல மதினி. நீங்க குடுத்த தாள்படி நான் மாட்டல.

முதல் நாளே செவ்வாய்க்கிழமை. தாள்ல பஞ்சுன்னு போட்டிருக்கு. அவியளுக்குப் புதுத் தொழில். செவ்வாய்க்கிழமை அதை எப்படித் தொடங்க? கைய வச்சேன், மனசு ஒப்பல. பழைய ஒயரையே மாட்டிட்டேன். மறுநாள் புதன். தாள்ல பிளாஸ்டிக்குன்னு இருந்துச்சு. நேத்து விட்டதுக்கு ஈடா, நல்ல நேரம் பாத்து, அய்யனாரை நெனச்சுக்கிட்டு பஞ்சு மாட்டினேன். அதுக்குப் பொறவு அப்படியே போச்சு. செவ்வாய், சனி, அஷ்டமி, நவமிக்குப் பழசு. மத்த நாள் பூராம் புதுசு. ஆடி பொறந்தப்ப ரொம்ப யோசிச்சேன். ஆரம்பிச்சது ஆனிலதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

இது என்ன, ஒயர்தானே, பாட்டு கேக்கத்தானே போறாவன்னு நெனச்சிட்டேன். நீங்க தாளை வச்சு ஒப்பிட்டுப் பாப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. என்னைய மாதிரி ஒரு கூறுகெட்டவ உண்டுமா.

என்னைக்கு எதை மாட்டினேன்னு ஒங்க தாள்லயே பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். தாளை அவிய பாக்கல, அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு. இதோட அனுப்புறேன். அவியகிட்ட சொல்லிடாதீங்க. ஏசினாக்கூடப் பரவாயில்ல, ஏச மாட்டாவ. பேசாம இருப்பாவ. இப்பவே அப்படித்தான் இருக்காவ. பாட்டே போடுறதில்ல.

இப்படிக்கு
பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.09.2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். நானும் ஆறு வாரம் எழுதாமல் இருந்துவிட்டேன். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தை ஒரு வரி எழுதிப் போடு.

காலேஜில் பரீட்சை நடக்கிறது. போன வருஷம் இதே பரீட்சையில் மகாராஜபுரத்துப் பெண் ஒருத்தியின் ரீடிங்கை, இப்படி வர வாய்ப்பே இல்லை என்று நான் சிவப்பு மையில் அடித்தேன். இந்த வருஷம் அந்தக் கருவியைப் பிரித்தபோதுதான் உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தது தெரிந்தது. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். இப்போது அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் பதில் சொல். அந்த இருபது நாளும், பாட்டுக் கேட்க உட்காரும்போது அன்றைக்கு என்ன கிழமை, என்ன திதி என்று உனக்குத் தெரியுமா? காலண்டரைத் தினமும் பார்ப்பாயா? செல்வி எந்த நாளில் எதைச் செய்வாள், எதைச் செய்யமாட்டாள் என்று கவனிக்கிற வழக்கம் உண்டா?

உள்ளது உள்ளபடி எழுது.

அக்கா

*

ராஜபாளையம்
27.09.2024

அக்காவுக்கு,

சுகம்தான். நீ கேட்டது விசித்திரமா இருக்கு. கிழமையும் திதியும் எனக்கு எங்க தெரியுது? மில் மூடினதிலிருந்து ஞாயிறும் ஒண்ணுதான், வெள்ளியும் ஒண்ணுதான். காலண்டர் அடுப்படிக்குள்ள கிடக்கு, அங்க நான் போறதில்ல. நான் எழுதின தாள்ல தேதி இருக்கும், கிழமை இருக்காது. அந்தத் தேதியும் பேப்பரைப் பாத்து எழுதினதுதான்.

செல்வி நாள் பாக்கிறது தெரியும். இதுக்கும் பாப்பான்னு நான் ஏன் நினைக்கப் போறேன்? உன் தாள்படிதானே மாட்டினா.

ஏன்னு கேக்க வேண்டாம்னே, கேக்கல. கோயம்புத்தூர்க்குப் பெட்டி கட்டுற வேலைய இப்பவே பாக்க ஆரம்பிச்சாச்சு.

சிவபாண்டி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
13.10.2024

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து, தனியாகப் படி. படித்துவிட்டு செல்வியிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசக்கூடாது. அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு முறை வேண்டாம் என்றவள், மூன்றாவது முறை "ஒங்க இஷ்டம் மதினி" என்று எழுதிவிட்டாள்.

அவள் என் தாள்படி ஒயர் மாட்டவில்லை. நல்ல நாளில் பஞ்சு, ஆகாத நாளில் பிளாஸ்டிக் என்று மாட்டியிருக்கிறாள். உன் தொழில் கெட்ட நாளில் தொடங்கிவிடக் கூடாது என்ற பயம். ஆக, நீ எழுதியதை நான் நடக்காத ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறேன். அவள் உண்மையில் மாட்டியதை எழுதிவைத்த தாள் ஒன்றரை மாதமாக என்னிடம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால், இருபதில் பதினெட்டு உனக்குச் சரி.

ஒன்றரை மாதம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் செல்விக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். பதினெட்டு என்றதும் வேறு காரணம் தேடத் தொடங்கினேன். நீ காலண்டரைப் பார்த்திருப்பாய், அவள் போக்கு தெரிந்து ஊகித்திருப்பாய் என்று. அதனால்தான் கிழமை கேட்டேன். நீ தெரியாது என்றாய். நீ பொய் சொல்பவன் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வேறு ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். உன் தாள் பதினொன்று என்று சொன்ன அன்று நான் ஓட்டை எதையும் தேடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எனக்குப் பிடித்த விடை வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். இதற்காகத்தான் பிள்ளைகளைப் பத்தொன்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா விஷயம் எழுதியிருந்தாய். நான் மறக்கவில்லை. அந்தப் பத்து நாளில் ஒவ்வொரு நாளும் நீ என் முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது சரி, எனக்குத் தெரியாத ஒன்று உனக்குக் கேட்டது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பஞ்சு ஏன் பாட்டை மாற்றுகிறது என்று எனக்கு இன்னமும் தெரியாது. தெரியாததெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது. நீ கேட்ட கையெழுத்தைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இருபது நாள் கேட்டதில் பதினெட்டு நாள் சரியாகச் சொன்னார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். "இருந்தாலும்" என்ற சொல் அதில் இல்லை.

ராம்குமாருக்கு அனுப்பு. கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. தீபாவளிக்கு இருவரும் வாருங்கள். மச்சானும் கேட்கிறார்.

அக்கா
யுவராணி

*

ராஜபாளையம்
28.10.2024

அக்காவுக்கு சிவபாண்டி எழுதுவது.

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். செல்விய ஒரு வார்த்தை ஏசல. அவதான் ரெண்டு நாள் என் முகத்தைப் பாக்காம சோறு போட்டா. மூணாம் நாள், "ஏட்டி, அஷ்டமிக்குப் பாட்டுக் கேட்டா காது அவிஞ்சா போகும்"னு கேட்டேன். பொறவுதான் சிரிச்சா.

உன் கையெழுத்து வந்த அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுத வராது. பதினெட்டுன்னதும் ராம்குமாருக்குப் போன் போட எடுத்தேன். சரி, ஒரு தடவை சந்தோஷமாக் கேட்டுட்டுப் போடுவோம்னு நினைச்சேன். ரெண்டரை மாசமாப் பாட்டே கேக்கல. செல்விய, அவ இஷ்டத்துக்கு எதையாவது மாட்டச் சொன்னேன். அதே திரை, அதே நாற்காலி. அவ கையைத் தட்டினா. போய் உட்கார்ந்தேன்.

பஞ்சுன்னு உடனே தெரிஞ்சது. ஆனா, பாட்டு இன்னும் ஆரம்பிக்கலக்கா.

அப்படியே உட்கார்ந்து யோசிச்சேன். மறுநாளும், அதுக்கு மறுநாளும் அதேபோல மாட்டச் சொல்லி, பாட்டு வாரதுக்கு முன்ன என்ன கேக்குதுன்னு மட்டும் கவனிச்சேன். பிளாஸ்டிக் அன்னிக்கு, கையைத் தட்டிட்டு அவ மெட்டிச் சத்தம் அடுப்படிக்குப் போகுது. பஞ்சு அன்னிக்குப் போகல. திரைக்கு அந்தப் பக்கம் நிக்கா. பாட்டு முடியிற மட்டும் நிக்கா. எனக்குப் பிடிச்சிருக்கான்னு பாக்க நிக்கான்னு நினைக்கேன். மெட்டி நகராத அந்த அமைதியத்தான் நான் பாட்டுல மூச்சு வாங்குற இடம்னு உனக்கு எழுதியிருக்கேன்.

அவளைக் கடைக்கு அனுப்பிட்டு, பக்கத்து வீட்டு சமுத்திரம் அண்ணனைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். பன்னிரண்டு தடவை. ஆறு சரி.

அதனால உன் தாளைத் திருப்பி இதுல வச்சிருக்கேன். நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. பதினெட்டு நாள் சரியாச் சொன்னது உண்மைதான். ஆனா ஒயரைக் கேட்டுச் சொல்லல. என் காதுல குத்தம் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சதே போதும். அப்பாவுக்காகப் போட்ட கையெழுத்து அதுல பாதின்னும் எனக்குத் தெரியும். அதை ஒரு ஒயர் மேல ஒட்டி விக்கிறதுக்கு மனசு வரல.

ராம்குமாருக்குச் சொன்னேன். "உங்க அக்காவே போட்டுட்டாங்க, நீ ஏன்டா வேண்டாங்குற"ன்னு கத்தினான். அந்தக் கல்லுக்கு யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டேன். போனை வச்சிட்டான்.

தீபாவளிக்கு வாரோம். மச்சானுக்குத் தைலம் வாங்கிட்டேன். அது முடிஞ்சு ஆறாம் தேதி காலைல கோயம்புத்தூர் பஸ். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் பஞ்சையே மாட்டச் சொல்லியிருக்கேன். நான் மனசு மாறி அங்க போகாம இருந்திருவேன்னு நினைச்சுக்கிட்டு, செவ்வாய் சனி பாக்காம மாட்டுறா.

அவ நிக்கிறதைப் பத்தி நீயும் அவகிட்ட சொல்லிடாதே. சொன்னா நாளைக்கு நிக்க மாட்டா.

சிவபாண்டி